முதியோர் குடியிருப்பில் வாழ்க்கையும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் குடியிருப்பு ஒன்றில் புதிதாகச் சேர விரும்புவோருடனும் அவர்களுடைய குடும்பத்தாருடனும் பேசுவது பல ஆண்டுகளாக என் பணி. வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது. சட்டமும் கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கும் பொருந்துவனவற்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டேன்.

1. பெயரை மாற்றிச் சொல்கிறீர்களே தவிர, இதுவும் முதியோர் இல்லம்தானே?

அமைப்பில் இரண்டும் வேறு. பழைய பாணி இல்லத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கட்டில். எழும் நேரம், உண்ணும் நேரம், விளக்கணைக்கும் நேரம் யாவற்றையும் நிர்வாகமே தீர்மானிக்கும். குடியிருப்பில் அவருக்கென்று ஒரு வீடோ அறையோ இருக்கும், அதன் சாவி அவரிடம் இருக்கும், தேவைப்படும் உதவியை மட்டும் அவர் கேட்டுப் பெறுவார்.

ஆனால் பெயர்ப்பலகையை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது. குடியிருப்பு என்று அழகாகப் பெயர் வைத்துக்கொண்டு பழைய இல்லத்தைப் போலவே நடத்தும் இடங்களும் உண்டு. எளிய இல்லமாக இருந்தும் மனிதரை மனிதராக நடத்தும் இடங்களும் உண்டு. பணியாளர் உள்ளே வருமுன் கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். அங்கே வசிப்பது வீட்டிலா விடுதியிலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். உண்மையில் எத்தனை வகைப் பராமரிப்பு இருக்கிறது?

பெயர்கள் பலவாயினும் படிகள் நான்குதான். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர்கள், வீட்டைப் பேணும் சுமையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வாழ்வது முதற்படி. இதைச் சுயசார்புக் குடியிருப்பு என்கிறார்கள். குளிக்கவோ உடுத்தவோ மாத்திரையை நினைவாக உட்கொள்ளவோ நாள்தோறும் ஓர் ஆள் துணை தேவைப்படுவோருக்கு உதவியுடன் வாழும் பிரிவு. மறதி நோய் முற்றியவர்களுக்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர்களும் அதற்கேற்ற கட்டட அமைப்பும் கொண்டது நினைவுப் பராமரிப்புப் பிரிவு. புண்ணுக்குக் கட்டுப்போடுதல், குழாய் வழி உணவூட்டல் போன்றவற்றுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் இருப்பது நான்காவது.

இவற்றைத் தவிர, அறுவை சிகிச்சைக்குப்பின் தேறும் வரையிலோ, வீட்டில் கவனித்துக்கொள்பவர் சற்று ஓய்வெடுக்கவோ, சில நாள் முதல் சில வாரம் வரை தங்கும் தற்காலிகத் தங்கலும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 13ஆம் கேள்வியில் இது மீண்டும் வரும். எல்லாக் குடியிருப்புகளிலும் நான்கு படிகளும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதற்படியோடு நின்றுவிடும் இடங்களே ஏராளம்.

3. என் அம்மாவுக்கு இதில் எது பொருந்தும் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

வயதையோ நோயின் பெயரையோ வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. எண்பத்தைந்து வயதில் தனியாகச் சமைத்துக்கொள்பவரும் இருக்கிறார். அறுபத்தெட்டில் எழுந்து நிற்கவே துணை தேவைப்படுபவரும் இருக்கிறார். எவ்வெவற்றைத் தாமே செய்கிறார் என்பதுதான் அளவுகோல். சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் திறன், தாமே உண்ணுதல் ஆகிய ஆறு. இவற்றில் குளிப்பதற்குத்தான் பெரும்பாலும் முதலில் துணை தேவைப்படும். தாமே உண்ணும் திறன் கடைசி வரை நிற்கும்.

1969இல் லாட்டன், பிரோடி என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு பட்டியலை உருவாக்கினார்கள். தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்துகளைச் சரியாக உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என்ற எட்டும் அதில் உள்ளன. முதற்பட்டியல் அப்படியே இருக்க, இரண்டாவதில் மட்டும் இரண்டு மூன்று தடுமாறுகின்றன என்றால், முதற்படிக் குடியிருப்போடு சிறு உதவிகள் சேர்ந்தாலே போதும். முதற்பட்டியலில் இரண்டுக்கு நாள்தோறும் ஆள் வேண்டும் என்றால் உதவியுடன் வாழும் பிரிவைப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். இரவில் எத்தனை முறை ஆள் தேவைப்படுகிறது? பகலுக்கு மட்டும் உதவி போதுமென்றால் வீட்டிலேயே சமாளிக்கும் குடும்பங்கள், இரவுத் தூக்கம் தொடர்ந்து கெடத் தொடங்கிய பிறகுதான் எங்களைத் தேடி வருகின்றன. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் தெரியும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அப்போது யாராயினும் தம் இயல்பான நிலையைவிடத் தளர்ந்துதான் இருப்பார்.

4. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். முடியாமல் போகும்போது பார்த்துக்கொண்டால் போதாதா?

போதும் என்று சொல்லக்கூடிய குடும்பங்களும் உண்டு. வீட்டில் படியேறும் தேவை இல்லை, குளியலறையில் கைப்பிடி பொருத்தியாயிற்று, அழைத்தால் வரக்கூடிய ஆட்கள் அருகில் இருக்கிறார்கள் என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. குடியிருப்பில் பணிபுரியும் நானே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கிறது.

தள்ளிப்போடுவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. சுயசார்புப் பிரிவில் சேர, சேரும் நாளில் சுயசார்போடு இருக்க வேண்டும் என்பது பல இடங்களின் நிபந்தனை. இடுப்பெலும்பு முறிந்தபின் வந்தால், அந்தப் பிரிவின் கதவு மூடியிருக்கும். காலியாக இருக்கும் எந்த இடத்தையாவது மூன்று நாளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மேலும், புதிய இடத்தின் வழிகளையும் முகங்களையும் கற்றுக்கொள்ள நினைவாற்றல் வேண்டும். அது நன்றாக இருக்கும்போது வந்தவர்களுக்கு, பின்னாளில் அது தேயும்போது, சுற்றி இருப்பவர்கள் ஏற்கெனவே பழகியவர்களாக இருப்பார்கள்.

5. நாள் முழுவதும் அங்கே என்ன செய்வார்? பொழுது போகுமா?

பொழுதைப் போக்குவது நிர்வாகத்தின் வேலை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஆய்வு நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் அவரவர் வாழ்க்கைக்கு அவரவரே பொறுப்பு என்று எடுத்துச்சொல்லி, ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே பேணச் செய்தார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்கு நீர் ஊற்றியதும் பணியாளர்களே. மூன்று வாரங்களில் முதல் தளத்தார் அதிகச் சுறுசுறுப்பும் விழிப்பும் காட்டினார்கள்.

1991இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மருத்துவராக இருந்த பில் தாமஸ், அங்கு இருந்தவர்களை வாட்டுவது நோயைக் காட்டிலும் தனிமை, கையறுநிலை, சலிப்பு என்ற மூன்றுமே என்று கண்டு, நாய், பூனை, பறவைகள், செடிகள் ஆகியவற்றை உள்ளே கொண்டுவந்தார். ஆகவே நிகழ்ச்சி அட்டவணை எவ்வளவு நீளம் என்று கேட்காமல், இங்கே வசிப்பவர்கள் தாங்களாகவே நடத்துவது என்ன என்று கேளுங்கள். நூலகத்தை அடுக்குபவர், கணக்குப் பார்ப்பவர், தோட்டத்துக்குப் பொறுப்பானவர் என்று பெயர் சொல்ல முடிந்தால் அது உயிருள்ள இடம். எதிலும் கலந்துகொள்ளாமல் சன்னலோரம் வாசித்துக்கொண்டிருக்க விரும்புகிறவரை அப்படியே விடுவதும் அந்த நல்ல இடத்தின் இலக்கணமே.

6. வீட்டுச் சாமான்களையும் வளர்ப்பு நாயையும் கொண்டுபோகலாமா?

சாமான்களைக் கொண்டுபோகலாம், கொண்டுபோகத்தான் வேண்டும். பழகிய நாற்காலி, கட்டிலருகே இருந்த விளக்கு, சுவரிலிருந்த படங்கள் ஆகியவை புதிய அறையைத் தம் அறையாக்கும். கால் தடுக்கும் தரைவிரிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். வளர்ப்பு விலங்குகளுக்கு இடத்துக்கு இடம் விதி வேறுபடும். அனுமதி உண்டு என்றால், அவருக்கு உடல்நலம் குன்றும் நாளில் அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

7. இரவில் குளியலறையில் விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். எனவே “எங்களிடம் யாரும் விழுவதில்லை” என்று சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். விழுந்தபின் எவ்வளவு நேரம் தரையில் கிடக்க நேரிடுகிறது என்பது மிக முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் நீரிழப்பு, அழுத்தப் புண், தசைச் சிதைவு என்று வேறு துன்பங்கள் தொடங்கும். படுக்கையருகிலும் குளியலறையிலும் அழைப்பு மணி இருக்கிறதா, குளியலறைக் கயிறு தரையில் கிடப்பவரின் கைக்கு எட்டும் அளவுக்குத் தொங்குகிறதா, கழுத்தில் அணியும் பொத்தானைக் குளிக்கும்போதும் அணியலாமா என்று பாருங்கள். அனுமதி பெற்று ஒருமுறை மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைத்து விழாமல் காப்பது பராமரிப்பு ஆகாது. அப்படிக் கட்டப்பட்டவருக்குத் தசை மெலிகிறது. விடுபட முயலும்போது மேலும் மோசமாகக் காயமடைகிறார். கால் வலிமைக்கும் சமநிலைக்குமான உடற்பயிற்சி, இரவு விளக்கு, சரியான கண்ணாடி, பொருந்தும் காலணி, மருந்துகளை மறுபரிசீலனை செய்தல் ஆகியவையே விழுவதைக் குறைக்கும்.

8. மாத்திரைகளை அவர்களே கொடுத்துவிடுவார்களா?

“பார்த்துக்கொள்கிறோம்” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நேரத்தை நினைவூட்டுவது ஒன்று. எடுத்துக் கையில் கொடுத்து விழுங்கியதை உறுதி செய்து பதிவது மற்றொன்று. தலைசுற்றல் தெரிகிறதே என்று மருத்துவருக்குச் சொல்லி அளவை மாற்றச் செய்வது மூன்றாவது. நீங்கள் சேரவிருக்கும் பிரிவில் எது கிடைக்கும் என்பதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தும் அதற்கு மேலும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்பவருக்கு அவை ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு அதிகம். முதியோருக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் முதன்முதலாக வெளியிட்டார்; அது பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களை மனத்தில் வைத்து உருவானது; திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளது. சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமைக்கான சில பழைய மருந்துகளும் அதில் அடங்கும். சேரும்போது எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டி, இனி எது தேவையில்லை என்று கேளுங்கள்.

9. மருத்துவர் எப்போதும் அங்கேயே இருப்பாரா?

பெரும்பாலும் இருக்கமாட்டார். குறிப்பிட்ட நாள்களில் வந்துபோவார். மற்ற நேரங்களில் செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ இருப்பார். குடியிருப்பு என்பது மருத்துவமனை அன்று. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் என்ன நடக்கும், யார் அழைப்பார், ஆம்புலன்ஸில் உடன் செல்வது யார் என்று படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். தயங்காமல் சொன்னார்கள் என்றால் பழகியிருக்கிறார்கள் என்று பொருள்.

10. மறதி நோய் என்றால் அறைக்குள் பூட்டிவைத்துவிடுவார்களா?

நல்ல இடத்தில் அறையைப் பூட்டமாட்டார்கள், வெளிவாசலைக் கவனிப்பார்கள். மறதி நோயாளர் சிலருக்கு மாலை வேளையில் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புவார்கள், அந்த வீடு இடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தாலும். அவர்கள் நடப்பதற்குச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் பாதை, வேலியிட்ட தோட்டம், படம் ஒட்டிய கழிப்பறைக் கதவு ஆகியவை பூட்டைவிடப் பயன் தரும். நெதர்லாந்தின் வீஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேய்க் என்ற குடியிருப்பு இந்த எண்ணத்தை ஒரு சிற்றூர் அளவுக்கு விரித்துச் செல்கிறது. அங்கே மறதி நோயாளர்கள் சிறு சிறு வீடுகளில் குழுவாக வாழ்ந்து, வளாகத்துக்குள்ளேயே கடைக்கும் சிற்றுண்டியகத்துக்கும் தாமாகப் போய்வருகிறார்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருகும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசினால் அது மறதி நோயின் தொடக்கமாக இருப்பது அரிது. சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் தொற்றோ, புதிய மருந்தோ, மலச்சிக்கலோ, நீரிழப்போ ஏற்படுத்திய திடீர்க் குழப்பமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று பணியாளர் சொன்னால் ஏற்காதீர்கள். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

11. இருவரில் அம்மாவுக்கு மட்டும்தான் பராமரிப்பு தேவை. இருவரையும் பிரித்துவிடுவார்களா?

உதவியுடன் வாழும் நிலை வரை பெரும்பாலும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருக்க, உதவியாளர் வந்து ஒருவருக்கு மட்டும் செய்துவிட்டுப் போவார். நினைவுப் பராமரிப்போ செவிலியர் பராமரிப்போ தேவைப்படும்போதுதான் கேள்வி கடினமாகிறது. ஒரே வளாகத்தில் எல்லாப் படிகளும் இருந்தால், துணைவர் நடந்துசென்று பகலெல்லாம் உடனிருந்துவிட்டு இரவு தம் வீட்டுக்குத் திரும்பலாம். வளாகம் வேறு என்றால், அந்தப் பயணமே அவரைச் சோர்வடையச் செய்யும்.

நலமாக இருப்பவரை யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று உதவியாளரைத் திருப்பி அனுப்பும் துணைவர், தமக்கு வரும் நோயைச் சொல்லாமல் மறைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மதிப்பீடு இருவருக்கும் நடக்க வேண்டும்.

12. கட்டணத்தில் எதெல்லாம் சேரும்? பிறகு ஏறிக்கொண்டே போகுமா?

வழக்கமாக மூன்று அடுக்குகள் இருக்கும்: சேரும்போது கட்டும் முன்பணம், மாதந்தோறும் கட்டும் இருப்பிட, உணவு, பொதுச் சேவைக் கட்டணம், பராமரிப்பின் அளவைப் பொறுத்து கூடும் தனிக்கட்டணம். சில இடங்களில் முதலிலேயே அதிகம் பெற்றுக்கொண்டு பின்னாளில் எந்தப் படிக்குப் போனாலும் கட்டணத்தைப் பெரிதாக உயர்த்துவதில்லை. வேறு சில இடங்களில் குறைவாகத் தொடங்கி, பெறும் ஒவ்வோர் உதவிக்கும் தனியே வசூலிக்கிறார்கள். பின்னது தொடக்கத்தில் மலிவாகத் தெரியும். 3ஆம் கேள்வியில் சொன்ன முதற்பட்டியலில் மூன்று செயல்களுக்கு உதவி தேவைப்படும் நாளில் மாதம் எவ்வளவு ஆகும் என்று இன்றே எழுதித் தரச் சொன்னால் உண்மை விலை தெரியும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுபவை இவை: ஆண்டு உயர்வுக்கு வரம்பு உண்டா, ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தால் எந்தக் கட்டணம் நிற்கும், விலகினாலோ இறந்தாலோ முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், பராமரிப்புப் படியை உயர்த்துவதை யார் முடிவு செய்கிறார்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சொத்தைக் கொடுத்துச் சேர்வதாக இருந்தால், குடியிருப்போடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

13. அம்மாவுக்கு விருப்பமே இல்லை. இரண்டு நாள்தான் என்று சொல்லி அழைத்துவரலாமா?

வேண்டாம். தெளிவான மனத்தோடு இருப்பவர், நம் பார்வையில் ஆபத்தான முடிவை எடுத்தாலும், அது அவருடைய முடிவு. ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர் குடியிருப்பையும் மன்னிப்பதில்லை, பிள்ளைகளையும் மன்னிப்பதில்லை. உணவை மறுப்பார், பேச்சை நிறுத்துவார். என்ன பயம் என்று கேட்டால், பல நேரம் இடத்தைப் பற்றியே இருக்காது. வீட்டை விற்றுவிடுவார்கள், என் பணம் என் கையை விட்டுப் போய்விடும், நான் இறப்பதற்குத்தான் அங்கே போகிறேன் என்பவையே அடியில் இருக்கும். அவற்றுக்குத் தனித்தனியே பதில் சொல்லலாம்.

2ஆம் கேள்வியில் சொன்ன தற்காலிகத் தங்கல் இங்கேதான் உதவுகிறது. இரண்டு மூன்று வாரம் தங்கிப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். வீட்டை அதுவரை தொடாதீர்கள். மறதி முற்றி, ஆபத்தைப் புரிந்துகொள்ளும் திறனே இல்லாதபோது நிலைமை வேறு. அங்கே மருத்துவ மதிப்பீடும் சட்டப்படி முடிவெடுக்க உரிமையுள்ளவரும் தேவை.

கைவிட்டுவிட்டோமோ என்று பிள்ளைகள் தனியே என்னிடம் கேட்பதுண்டு. முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். உறக்கம் கெடும், அழைத்துப்போ என்பார்கள். அந்த நாள்களில் நீண்ட நேரம் எப்போதாவது வருவதைவிட, சிறிது நேரம் அடிக்கடி, சொன்ன நேரத்துக்கு வருவது நல்லது.

14. பார்வையிடப் போனால் எல்லாமே பளபளவென்று இருக்கிறது. உண்மை நிலையை எப்படி அறிவது?

இரண்டாம் முறை, சொல்லாமல், விடுமுறை நாளின் மாலையில் போங்கள். அப்போதுதான் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். வரவேற்பறையில் நிற்காமல் நான்காம் படிப் பிரிவின் நடைவழியில் நில்லுங்கள்: சிறுநீர் வாடை வீசுகிறதா, அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா, பணியாளர் பெயர் சொல்லி அழைக்கிறாரா, தலை வாரி நகம் வெட்டியிருக்கிறதா? பணியாளரிடம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பராமரிப்பும் நிலையாக இராது. இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்பதற்கு எண்ணாகப் பதில் வர வேண்டும்.

15. நிலைமை மோசமானால் வெளியே போகச் சொல்லிவிடுவார்களா?

சொல்லக்கூடும். நான்கு படிகளும் இல்லாத இடத்தில் இது பெரும்பாலும் நடந்தே தீரும். படிகள் இருந்தாலும், அந்தப் பிரிவில் இடம் காலியாக இருக்க வேண்டும். ‘எல்லா வசதியும் உண்டு’ என்பதற்கும் ‘உங்களுக்கு முன்னுரிமை உண்டு’ என்பதற்கும் வேறுபாடு பெரிது. எந்தெந்த நிலையில் வெளியேறச் சொல்வார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு, மாற்றிடம் தேடித்தருவது யார் பொறுப்பு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பிறரைத் தாக்குதல், இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய நிலை, பணம் தீர்ந்துபோதல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். தாக்குதல் என்று சொல்லப்பட்டால், 10ஆம் கேள்வியில் சொன்ன திடீர்க் குழப்பமா, சொல்லத் தெரியாத வலியா என்று மருத்துவர் பார்த்தபிறகே அடுத்த பேச்சுக்கு இடம் கொடுங்கள்.

16. கடைசிக் காலத்தில் அங்கேயே இருக்க முடியுமா? இதைக் கேட்பதற்கே சங்கடமாக இருக்கிறது.

பல இடங்களில் முடியும். சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த வலிதணிப்புப் பராமரிப்பு, உடல் வலியோடு மனத்தின் வலியையும் குடும்பத்தின் வலியையும் சேர்த்தே பார்க்கிறது. அது கடைசி வாரத்துக்கு மட்டும் உரியதும் அன்று. குணமாக்கும் சிகிச்சையோடு கூடவே தொடங்கலாம். அந்தக் குழு குடியிருப்புக்கு வருமா, வலிக்கான மருந்துகளை இரவிலும் கொடுக்கத் தகுதியுள்ள ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே, மருத்துவமனைக்கு எந்த நிலையில் கொண்டுபோக வேண்டும், எந்த நிலையில் வேண்டாம், இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா, தம்மால் சொல்ல முடியாதபோது யார் பேசுவார் என்று எழுதிவைக்கச் செய்யுங்கள். அது செல்லுபடியாகும் முறை நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. எழுதியதை அலுவலகப் பேழையில் பூட்டி வைப்பதால் பயனில்லை. இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் விளக்கைப் போட்டதும் எடுக்கக்கூடிய இடத்தில், அவருடைய மருந்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அது இருக்க வேண்டும்.